தாழ்ந்த காரும் தாம்போதியும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரமாகச் செல்லும் பெருவீதியில் மாலை வேளைகளில் வாகனங்களை உற்று நோக்குவோர்க்கு ஒரு புதுமை புலப்படும். பெரும்பாலான கார்கள் தத்தம் இயல்பான உயரத்தில் ஓட, ஒரு சில மட்டும் தரையைத் தடவிச் செல்வன போலத் தாழ்ந்து ஓடுகின்றன. சில்லுக்கும் அதன் மேலுள்ள தகட்டு வளைவுக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழைவதும் அரிது. இவை தொழிற்சாலையிலிருந்து இவ்வாறு வந்தவை அல்ல. தொழிற்சாலை இட்ட விற்சுருள்களைக் கழற்றிவிட்டு, அவற்றினும் குட்டையானவற்றைப் பொருத்தித் தாழ்த்தப்பட்டவை.

மஸ்டா எம்.எக்ஸ்.-5, டொயோட்டா 86 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களை உடையோரிடையே உலகின் பல நாடுகளிலும் காணப்படும் இவ்வழக்கம், ஐந்து பேர் அமரும் சிறு கார்களுக்கும் பரவியிருக்கிறது. இலங்கையில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய காரை வாங்க இயலாதோர், கையிலிருந்த காரையே புதிதாக்கிக்கொள்ள முற்பட்டனர். கட்டாரிலும் சவூதியிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் கார் வாங்கிய இளைஞர், அதனைத் தம் மனத்துக்கு உகந்தவாறு அழகுபடுத்த விரும்புவதில் வியப்பில்லை. அதனைக் குற்றமாகக் கருதுதலும் முறையன்று.

ஆயினும், காரின் உயரத்தைக் குறைப்பது சாரத்தை மடித்துக் கட்டுவது போன்ற எளிய செயலன்று. காரின் உயரம் வெறுந் தோற்றமன்று. வீதியிலுள்ள மேடு பள்ளங்களுக்கு எதிராக அக்கார் சேமித்து வைத்திருக்கும் முதல் அதுவேயாகும். அம்முதலிற் கை வைப்பவர், எவ்வளவு எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம், எஞ்சுவது எவ்வளவு என்பவற்றைக் கணக்கிட்ட பின்னரே எடுத்தல் வேண்டும். அக்கணக்கை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் வில்லின் இயல்பை நோக்குதல் தகும். சம்மாந்துறை வயல்களிலிருந்து நெல் ஏற்றி வந்த பழைய மாட்டு வண்டிலுக்கு வில் கிடையாது. சில்லு ஒரு கல்லின் மேல் ஏறினால், அக்கல்லின் உயரம் முழுவதும் வண்டிலும், அதன் மேலுள்ள மூட்டைகளும், வண்டிலோட்டியும் சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். வண்டில் மெல்லச் சென்றமையால் அது பொறுக்கக்கூடியதாயிருந்தது. வேகம் கூடியபொழுது அது பொறுக்க முடியாததாயிற்று. 1804 ஆம் ஆண்டில் இலண்டன் நகரிலே ஒபடையா எலியட் என்னும் வண்டி செய்வோர், வளைந்த உருக்குத் தகடுகளை அடுக்கி அவற்றின் மேல் வண்டியைத் தாங்கச் செய்யும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இன்றைய லொறிகளின் அடியிற் காணப்படும் வில்லுத் தகடுகள் அம்மரபில் வந்தவையே.

காரிலோ பெரும்பாலும் தகடுகளுக்குப் பதிலாகச் சுருளாக வளைத்த உருக்குக் கம்பி தொழிற்படுகின்றது. இதனையே விற்சுருள் என்றும், பேச்சு வழக்கில் கொயில் ஸ்பிரிங் என்றும் கூறுவர். இதன் விதியைக் கண்டுரைத்தவர் றொபேட் ஊக் என்னும் ஆங்கில விஞ்ஞானியாவார். அவர் 1676 இல் அவ்விதியை எழுத்துகளைக் குலைத்து ஒரு புதிராக அச்சிட்டு, 1678 இல் அப்புதிரை விடுவித்து விளக்கினார். பாடசாலை ஆய்வுகூடத்தில் விற்றராசைக் கையாண்ட மாணவர் எவரும் அவ்விதியை அறிவர். ஒரு மடங்கு நிறைக்கு ஓர் அங்குலம் நீளும் வில், இரு மடங்கு நிறைக்கு இரண்டு அங்குலம் நீளும். காரின் விற்சுருள் நீளுவதற்குப் பதிலாக அமுங்குகின்றது, வேறுபாடு அவ்வளவே.

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 1000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு சிறு காரில் ஒவ்வொரு சில்லின் பங்குக்கும் 250 கிலோகிராம் வருவதாகக் கொள்வோம். ஒரு மில்லிமீற்றர் அமுங்குவதற்கு 2.5 கிலோகிராம் நிறை வேண்டும் என்றவாறு அமைந்த விற்சுருள், அக்காரைத் தாங்கும்போது 100 மில்லிமீற்றர் அமுங்கி நிற்கும். அதற்கு மேலும் அமுங்குவதற்கு 80 மில்லிமீற்றர் இடம் இருக்கின்றது என்க. அந்த 80 மில்லிமீற்றர் முடிந்ததும் ஒரு றப்பர்த் தடுப்பு முட்டும். அத்தடுப்பு முட்டிய பின் வில் வில்லாக இராது. கார் மீண்டும் மாட்டு வண்டிலாகிவிடும். மேட்டின் அடி முழுவதும் தகட்டுக்கும், பொருத்துகளுக்கும், உள்ளே இருப்போரின் முதுகெலும்புக்கும் செல்லும்.

விற்சுருளுடன் சேர்ந்து உழைக்கும் மற்றோர் உறுப்பு அதிர்வுதணிப்பான். இதனைச் சொக் அப்சோபர் என்பர். வில் தனித்து விடப்படின், ஒருமுறை அமுங்கிய கார் பலமுறை எழுந்தும் தாழ்ந்தும் ஊசலாடிக்கொண்டே செல்லும். மேற்கூறிய அளவுடைய கார் செக்கனுக்கு ஏறத்தாழ 1.6 முறை ஊசலாடும் இயல்பினது. தணிப்பானுள் எண்ணெய் சிறு துவாரங்களூடாக நெருக்கித் தள்ளப்படுகையில் அவ்வூசலின் சக்தி வெப்பமாக மாறி அடங்குகின்றது. எந்த வில்லுக்கு எவ்வளவு தணிப்பு வேண்டும் என்பதைக் காரை அமைத்த பொறியியலாளர் அளந்தே வைத்திருக்கின்றனர். வில்லை மாற்றித் தணிப்பானை மாற்றாது விடுபவர், புதிய மாடுகளைப் பழைய நுகத்திற் பூட்டுபவரை ஒத்தவர்.

அவ்வாறாயின் பந்தயக் கார்கள் தாழ்ந்திருப்பது ஏன் என்ற வினா எழும். அதற்கு நேர்மையான விடை உண்டு. கார் ஒரு வளைவிலே திரும்பும்பொழுது உட்புறச் சில்லுகளின் சுமை குறைந்து வெளிப்புறச் சில்லுகளின் சுமை கூடுகின்றது. இவ்வாறு இடம் மாறும் சுமை, காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தது. சுமை நான்கு சில்லுகளிலும் ஒழுங்காகப் பரவியிருக்குமளவுக்கு ரயர்கள் வீதியை நன்கு பற்றும். ஆதலின் மையம் தாழ்ந்தால் பிடிப்பு கூடும். நுவரெலியாவின் மலைப்பாதைப் பந்தயம் போன்றவற்றில், ஒன்றன்பின் ஒன்றாக வரும் கொண்டையூசி வளைவுகளில், ஒரு செக்கனின் சிறு பகுதியும் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். அங்கே தாழ்ந்த கார் தகுந்த கார்.

அந்த நன்மையின் அளவையும் கணித்துப் பார்த்தல் வேண்டும். மேற்கூறிய 1000 கிலோகிராம் காரின் ஈர்ப்பு மையம் 50 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளது என்றும், இடவலச் சில்லுகளுக்கிடையே 150 சென்ரிமீற்றர் தூரம் என்றும் கொள்வோம். புவியீர்ப்பின் பாதியளவு பக்க விசை தோன்றுமாறு அது ஒரு வளைவில் விரைந்தால், ஏறத்தாழ 167 கிலோகிராம் சுமை உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு மாறும். காரை 3 சென்ரிமீற்றர் தாழ்த்தினால் அது ஏறத்தாழ 157 கிலோகிராமாகக் குறையும். கிடைத்த இலாபம் பத்துக் கிலோகிராம், நூற்றுக்கு ஆறு. பந்தயக்காரனுக்கு இது பெரிது. ஊருக்குள் 50 கிலோமீற்றர் வேக எல்லைக்கு உட்பட்டு ஓடும் ஒருவருக்கு இதனை உணரும் வாய்ப்பே அரிது.

இனிச் செலவுப் பக்கத்தை நோக்குக. முன்பு 80 மில்லிமீற்றர் இருந்த இடம், 30 மில்லிமீற்றர் தாழ்த்திய பின் 50 ஆகின்றது. எட்டில் மூன்று பங்குதானே போயிற்று என்று ஒருவர் எண்ணலாம். அவ்வாறன்று. ஒரு மேட்டின் அடியை விழுங்கும் ஆற்றல், வில் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தோடு ஒத்து மாறுவது. 80 இன் வர்க்கம் 6400. 50 இன் வர்க்கம் 2500. ஆகவே அதே வில்லாயின் நூற்றுக்கு 39 பங்கு ஆற்றலே எஞ்சும். இதனை ஈடு செய்யவே, தாழ்த்தும் விற்சுருள்களை அமைப்போர் அவற்றைக் கடினமாக்குகின்றனர். ஒரு மில்லிமீற்றருக்கு 2.5 கிலோகிராம் என்பதை 3.2 ஆக்கினாலும், எஞ்சும் ஆற்றல் முன்பிருந்ததின் பாதியளவே. முழுவதையும் ஈடு செய்வதாயின் வில்லை இரண்டரை மடங்குக்கும் மேலாகக் கடினமாக்க வேண்டும். அத்தகைய காரில் எவரும் அமர்ந்து செல்ல விரும்பார்.

இது ஓட்டுநர் ஒருவர் மட்டும் இருக்கும் காரின் கணக்கு. கிழக்குக் கரையில் கார் என்பது ஒருவருக்குரிய பொருளன்று. உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், உம்றாவுக்குச் செல்லும் உறவினரைக் கட்டுநாயக்க வரை கொண்டுசென்று வழியனுப்புவதும், பெருநாளுக்கு மறுநாள் பிள்ளைகளோடு அறுகம்பைக்குச் செல்வதும் அதே காரிலேதான். பின்னிருக்கையில் மூவரும் அவர்களின் பொதிகளும் ஏற, பின்சில்லு ஒவ்வொன்றிலும் 75 கிலோகிராம் கூடுவதாகக் கொள்க. பழைய வில் 30 மில்லிமீற்றர் அமுங்கும். 80 இல் 50 எஞ்சும். புதிய வில் 23 மில்லிமீற்றர் அமுங்கும். 50 இல் 27 தான் எஞ்சும். இரு விரலகலத்துக்கும் குறைந்த இடம். அக்கரைப்பற்றிலிருந்து கட்டுநாயக்க வரையுள்ள நெடும்பயணத்தில், நள்ளிரவில், நோயாளி ஒருவர் பின்னே படுத்திருக்க, அவ்விரு விரலகலத்தை நம்பியே அக்கார் ஓட வேண்டும்.

அடுத்து நிலத்தின் இயல்பு. பந்தயக் காருக்குத் தாழ்வு பயன் தருவது வளைவுகளில். கல்முனைக் கரையிலோ மலையுமில்லை, கொண்டையூசி வளைவுமில்லை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊரோடு ஊர் நெருங்கி நிற்கும் சமதரை இது. இங்கு வளைவுகள் சில. வேகத்தடை மேடுகள் பல. பாடசாலை வாயில்களிலும் பள்ளிவாசல் முன்றல்களிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக அவை அமைந்துள்ளன. உள்வீதிகளுக்குத் திரும்பினால், வடிகாலின் மேலிட்ட கொங்கிறீட் மூடிகளும், குழாய் பதித்தபின் சரியாக மூடப்படாத பள்ளங்களும் எதிர்ப்படும். ஆக, தாழ்வின் நன்மையைத் தரும் வளைவுகள் இக்கரையில் அரியன. அதன் தீமையை வெளிப்படுத்தும் மேடுகளோ மலிந்துள்ளன.

மாரி காலத்தில் இது மேலும் தெளிவாகும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் கல்முனையையும் நாவிதன்வெளிப் பகுதியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியின் மேல் வெள்ளம் பாய்வதை இப்பகுதியார் நன்கறிவர். காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் வீதியில் மாவடிப்பள்ளியும் அத்தகையதே. 2024 நவம்பர் வெள்ளத்தில், மாணவர்கள் பயணஞ் செய்த உழவு இயந்திரமொன்று அவ்விடத்திற் புரண்டு, இளம் உயிர்கள் பல பறிபோயின. உயர்ந்த சில்லுகளையுடைய உழவு இயந்திரத்துக்கே அந்நிலை எனின், வெள்ளம் பாயும் தாம்போதியில் எந்தக் காரும் இறங்கலாகாது என்பது சொல்லாமலே விளங்கும். வெள்ளம் வடிந்து வீதியில் நீர் தேங்கி நிற்கும் நாள்களிலும் தாழ்ந்த காருக்குத் தனி இடர் உண்டு. இயந்திரம் காற்றை உறிஞ்சும் வாய் நீருக்கு அண்மையில் வந்துவிடுகின்றது. காற்றைப் போல நீரை அமுக்க இயலாது. ஆதலின் நீர் உட்புகுந்த இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் ஒரே கணத்தில் வளைந்து முறியக்கூடும்.

இவ்வளவும் அறிந்த பின்னரும், தம் காரைச் சிறிதளவு தாழ்த்தவே விரும்புவோர் இருப்பர். அவர்கள் அதனைச் செவ்வனே செய்துகொள்ளும் முறையை அறிதல் நன்று. ஏனெனில், தாழ்த்துதலினால் விளையும் தீங்கைவிட, தவறாகத் தாழ்த்துதலினால் விளையும் தீங்கு பன்மடங்கு பெரிது.

முதலாவது விதி: உள்ள விற்சுருளை வெட்டலாகாது. “புதிது எதற்குக் காக்கா? உள்ளதிலேயே ஒரு சுற்றை வெட்டிவிட்டாற் போதாதா?” என்று கேட்கும் இளைஞர் எங்கும் உளர். “வெட்டலாம் தம்பி, ஆனால் அந்தக் காரில் உங்கட வாப்பாவை ஏற்றாதீங்க” என்று விடை கூறும் திருத்துநரே நல்ல திருத்துநர். ஆறு சுற்றுள்ள விற்சுருளில் ஒரு சுற்றை நீக்கினால் அது ஐந்தில் ஒரு பங்கு கடினமாகும் என்பது உண்மையே. ஆனால் விற்சுருளின் நுனி, அது அமரும் கிண்ணத்துக்கு ஏற்றவாறு வளைக்கப்பட்டது. வெட்டிய நுனி அங்கே சரிவர அமராது. வாயுச் சுடரினால் வெட்டினால், உருக்குக்கு ஊட்டப்பட்ட பதம் அவ்வெப்பத்தாற் கெட்டு, அவ்விடம் பின்னர் முறியும். எல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. கார் ஒரு மேட்டில் எழும்பிச் சில்லு கீழே தொங்கும் கணத்தில், நீளங் குறைந்த விற்சுருள் தன் இருக்கையை விட்டு விலகிவிடலாம். மீண்டும் சில்லு தரையைத் தொடும்போது அது எங்கே போய் அமரும் என்று எவராலும் கூற இயலாது.

ஆகவே, குறிப்பிட்ட காரின் வகைக்கும் ஆண்டுக்கும் என்றே அமைக்கப்பட்ட விற்சுருள்களை வாங்குதல் வேண்டும். ஜேர்மனியிலும் ஜப்பானிலும் இதனையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உள. இவை, சில்லு முழுதும் தொங்கும் நிலையிலும் வில் தன் இருக்கையில் இறுக அமர்ந்திருக்குமாறு நீளத்தைக் கணித்தே செய்கின்றன. ஜேர்மனியில் இத்தகைய உறுப்பைப் பொருத்தி வீதியில் ஓட்டுவதற்குத் தொழினுட்ப ஆய்வுச் சான்று வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிற் பழைய விற்சுருளை வாங்குவோர், அதன் மேற்பூச்சை விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். பூச்சு உதிர்ந்து துரு குழித்திருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் அது கொள்ளத்தக்கதன்று. கடற்காற்றின் உப்பு அக்குழிகளில் தங்கி மேலும் அரிக்கும். ஒவ்வொரு குழியும் ஒரு வெடிப்பின் தொடக்கமாகும்.

இரண்டாவது விதி: தொடங்குமுன் அளத்தல். காரைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து மேலுள்ள தகட்டு வளைவு வரை எத்தனை மில்லிமீற்றர் என்று நான்கு பக்கமும் அளந்து எழுதி வைத்தல் வேண்டும். வேலை முடிந்த பின் எவ்வளவு தாழ்ந்தது, இடமும் வலமும் ஒத்துள்ளனவா என்று சொல்ல வல்லது அக்குறிப்பு ஒன்றே.

மூன்றாவது விதி: அமுங்கிய வில்லுக்கு அஞ்சுதல். இன்றைய சிறு கார்கள் மிகப் பலவற்றின் முன்புறத்தில், விற்சுருளும் தணிப்பானும் ஒரே தூணாக இணைந்துள்ளன. ஏர்ல் மக்பர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் பெயரால் வழங்கும் இவ்வமைப்பு, 1950 இல் காட்சிக்கு வந்த போர்ட் கொன்சல் காரின் மூலம் பெயர் பெற்றது. அத்தூணின் உச்சியிலுள்ள ஒரேயொரு நட்டுத்தான் அமுங்கிய விற்சுருளைப் பிடித்து வைத்திருக்கின்றது. அச்சுருளினுள்ளே அடங்கிக் கிடக்கும் விசை சாதாரணமன்று. 250 கிலோகிராம் என்றால் ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் ஐந்து. உரிய கருவியினால் விற்சுருளை இருபுறமும் எதிரெதிராகக் கௌவி, சிறிது சிறிதாகச் சமமாக அழுத்தி, அது தன் இருக்கைகளில் தளர்ந்து ஆடுவதை உறுதிப்படுத்திய பின்னரே அந்த நட்டைக் கழற்றலாம். கயிற்றால் அல்லது கம்பியாற் கட்டிவிட்டு நட்டைக் கழற்றுவோர் உயிரோடு விளையாடுபவர் ஆவர். கழற்றும் வேளையில் தூணின் நேருக்கு நேர் முகத்தை வைத்தலும் கூடாது. காரைத் தாங்குவதற்கு ஜக் மட்டும் போதாது. அடியில் உறுதியான இரும்புத் தாங்கிகளும் வேண்டும். செங்கல் தாங்கியாகாது.

நான்காவது விதி பொருத்தும் முறை பற்றியது. புதிய விற்சுருளின் மேல் அச்சிட்ட எழுத்துகள் நேராக வாசிக்கத்தக்கவாறு அது பெரும்பாலும் நிற்றல் வேண்டும். செய்தவர் வேறு குறிப்பிட்டிருந்தால் அவ்வாறே. அதன் நுனி, கிண்ணத்திலுள்ள படியில் முட்டி அமர வேண்டும். றப்பர்த் தடுப்பைக் குறைக்குமாறு விற்சுருளைச் செய்தவர் கூறியிருந்தால் கூறிய அளவே குறைத்தல் வேண்டும், அதனை எறிந்துவிடலாகாது. பிரேக் தொகுதியை அதன் எண்ணெய்க் குழாயில் தொங்கவிடாது, கம்பியினாற் கட்டித் தாங்குதல் வேண்டும். போல்ட்டுகளை முறுக்கை அளந்து காட்டும் ஸ்பனரினால், உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு இறுக்குதல் வேண்டும். இங்குப் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. கீழ்ப்புறக் கைகளின் பொருத்துகளில் உள்ள றப்பர்ப் புஷ்கள், இறுக்கப்பட்ட நிலையையே தம் ஓய்வு நிலையாகக் கொள்பவை. சில்லு தொங்கும்போதே அவற்றை இறுக்கிவிட்டால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் அவை முறுகிய வண்ணமே இருந்து விரைவிற் கிழியும். காரின் சுமை சில்லுகளில் நின்ற பின்னரே அவற்றை இறுதியாக இறுக்குதல் முறையாகும்.

ஐந்தாவது விதி: விற்சுருளை மாற்றியதோடு வேலை முடிவதில்லை. புதிய வில் சில நாள் ஓடிய பின் சிறிது தணிந்து தன் நிலைக்கு வரும். அப்பொழுது மீண்டும் அளந்து, வீல் எலைன்மென்ட் செய்வித்தல் இன்றியமையாதது. உயரம் மாறும்போது சில்லுகளின் சாய்வும் முன்நோக்கும் மாறிவிடுகின்றன. அவற்றைத் திருத்தாது விட்டால், ரயரின் உட்புற விளிம்பு மட்டும் தேய்ந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ரயர் புதிதாகவே தோன்றும். உட்புறத்திலோ நூல் வெளிப்பட்டிருக்கும். முன்புறமும் பின்புறமும் ஒத்த அளவிற் தாழாதபோது முன்விளக்குகளின் நோக்கும் மாறும். அவற்றையும் சரிசெய்தல் வேண்டும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணைக் கூசச் செய்வது, ஓட்டுபவருக்குத் தெரியாமலே நிகழும் தீங்காகும்.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. இலங்கையில் வாகனங்களை ஆள்வது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் ஆகும். 2025 ஜனவரியில், பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பொருத்தப்பட்ட உறுப்புகளை அகற்றுமாறு பொலிஸார் நடவடிக்கை எடுத்ததைப் பலரும் நினைவிற் கொண்டிருப்பர். ஆதலின், பொருத்துவதற்கு முன்னரே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து அறிதல் விவேகமாகும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அறிவிக்கப்படாத மாற்றம் ஒன்று, விபத்துக்குப் பின்னரே அவர்களின் கண்ணில் படுமாயின், இழப்பீடு கேட்டு நிற்கும் குடும்பத்துக்கு அது பெரும் இடையூறாகலாம்.

கழற்றிய பழைய விற்சுருள்களை இரும்பு விலைக்கு விற்றுவிடலாகாது. எண்ணெய் தடவி, சாக்கிற் சுற்றி, எது எந்தச் சில்லுக்குரியது என்று எழுதி வைத்தல் நன்று. இன்று தனித்திருக்கும் இளைஞர் நாளை குடும்பத்தராவர். இன்று அழகாகத் தோன்றும் தாழ்வு, கைக்குழந்தையோடு பயணஞ் செய்யும் நாளில் வேண்டாததாகலாம். காரை விற்கும்போதும், தொழிற்சாலை உயரத்துக்கு மீட்கக்கூடிய காரையே வாங்குபவர் பெரிதும் விரும்புவர்.

தாழ்த்துவதா வேண்டாமா என்று இன்னும் ஐயுறுவோர்க்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. விற்சுருளை வாங்குவதற்கு முன், வீட்டிலுள்ளோர் அனைவரையும் காரில் ஏற்றுக; வழக்கமாகக் கொண்டுசெல்லும் பொதிகளையும் வைக்குக. பின்னர் பின்சில்லின் நடுவிலிருந்து தகட்டு வளைவு வரை அளக்குக. வெறுங் காரின் அளவிலிருந்து அது எவ்வளவு குறைந்துள்ளதோ, அதனோடு தாம் தாழ்த்த எண்ணும் அளவையும் கூட்டுக. அந்தக் கூட்டுத்தொகையை ஒரு கடதாசியிற் குறித்துக்கொண்டு, நாள்தோறும் செல்லும் வீதியின் மிக உயர்ந்த வேகத்தடை மேட்டின் மேல் அக்காரை அதே சுமையோடு மெல்ல ஏற்றி இறக்குக. அடித்தகட்டுக்கும் மேட்டுக்கும் இடையே எவ்வளவு இடம் எஞ்சுகிறது என்பதை வெளியே நிற்கும் ஒருவர் பார்த்துச் சொல்வாராக. எஞ்சும் இடத்தையும், தாழ்த்த எண்ணிய அளவையும் ஒப்பிட்டாற் போதும். விடை அந்த மேட்டிலேயே கிடைத்துவிடும்.